உயிர்ச்சுவடும் ஊர்க்கோழியும்

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலையில் உயர்தரம், உயிரியல் பிரிவில் படிக்கிறேன். அழிந்துபோன பறவைகளின் என்புகளை ஆராயும் விஞ்ஞானியாக வர ஆசை. வீட்டில், "அதுக்கு இங்க என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். உப்புவெளிக் கடற்கரையில் துளைதுளையாக, என்பு மாதிரி ஒரு கல் கிடந்தது. அது உயிர்ச்சுவடாக இருக்குமா? இப்போதே நான் எதைத் தொடங்கலாம்?

உங்கள் வாசகி,
உப்புவெளி

அன்பின் வாசகிக்கு,

முதலில் கல். கைவில்லையால் துளைகளைப் பாருங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் மெல்லிய தகடுகள், சைக்கிள் சில்லின் கம்பிகள்போல நடுவை நோக்கி ஓடினால் அது முருகைக்கல். என்பின் துளைகளில் அந்த ஒழுங்கு இருக்காது. அவற்றைச் சுற்றி வெளியே வழவழப்பான, கெட்டியான ஒரு சுவரும் இருக்கும். சிலர் வினாகிரி விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். முருகைக்கல் பொங்கும், உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு ஊறிய பழைய என்பும் பொங்கும், பழுதும் ஆகும். உங்களுடையது அநேகமாக முருகைக்கல்தான்.

சுவடு தேடி உங்கள் ஊர்ச் சுவாமி மலையையும் தட்டிப் பார்க்க வேண்டாம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைப்போல அதுவும் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய பழம்பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் சுவடுகள் உண்டு, ஆனால் அவை கடல் உயிரினங்களுடையவை. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் சரளைப் படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் வந்தன, இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல அவற்றை விவரித்தார். பறவையின் மெல்லிய, உள்ளே கோறையான என்பு அப்படிப் புரளும் சரளையில் உடையாமல் தப்புவது அரிது. குகைகள் வேறு கதை. பாகியன்கலைக் குகையில் 48,000 ஆண்டுப் பழமையான படைகளிலிருந்தே விலங்கு என்புகளும் என்பாலான அம்பு முனைகளும் கிடைத்துள்ளன.

எங்கே தோண்டுவது என்பதைவிட, கையில் வந்த துண்டு எந்த உயிரினத்தினது என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் கடினம். 1839இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு துண்டு லண்டனில் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவனிடம் காட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 15 செ.மீ.; இரண்டு முனைகளும் இல்லை. மாட்டு என்பென்று தள்ளிவிடக்கூடிய துண்டு. அருங்காட்சியகத்திலிருந்த எலும்புக்கூடுகளோடு ஒப்பிட்டுவிட்டு, பறக்காத பெரும் பறவை ஒன்றின் தொடையென்பு என்றார். சில ஆண்டுகளில் மேலும் என்புகள் வந்துசேர, மோவா என்ற அந்த அழிந்த பறவை உறுதியானது. பறவைச் சுவடு ஆய்வாளர்கள் ஸ்ரோர்ஸ் ஓல்சனும் ஹெலன் ஜேம்ஸும் 1991இல் ஹவாயிலிருந்து 32 புதிய பறவையினங்களை விவரித்ததும் இதே வழியில்தான்: இன்றைய பறவைகளின் என்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஆகவே ஒரு ஊர்க்கோழியில் தொடங்குங்கள்: நீரில் ஊறவைத்துத் தசையை நீக்கி, ஒப்பிட்டுப் பார்க்க அதன் என்புகளைச் சேர்த்துவையுங்கள். ஒரு வயது தாண்டியதாக இருக்கட்டும். புறொய்லர் உதவாது. அதை 5–6 கிழமையில் வெட்டிவிடுவார்கள். மூட்டு முனைகள் இன்னும் கசியிழையமாகவே இருக்கும், ஊறினால் அவை போய் நடுத்தண்டு மட்டும் மிஞ்சும். இனத்தைக் காட்டிக்கொடுப்பவையோ அந்த முனைகள்தான். தலையையும் பாதத்தையும் வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். செதிளோடு தொங்கும் அந்தக் காலுக்குள் இருக்கும் டார்சோமெட்டடார்சஸ், பறவைச் சுவடுகளை அடையாளம் காண மிகவும் உதவும் என்புகளில் ஒன்று.

நிறை, பால் (சேவலா பேடா), திகதி மூன்றையும் வெட்டுமுன்னரே கொப்பியில் எழுதுங்கள். பிறகு எழுத முடியாது. கையுறை போட்டு, தோல், குடல், பெரிய தசைகளை நீக்குங்கள். இரண்டு செட்டை, இரண்டு கால், கழுத்து, உடல் என்று பிரித்து ஒவ்வொன்றையும் தனி நைலோன் காலுறையில் முடியுங்கள். இடது வலது கலந்தால் விரல் என்புகளைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. மூடியுள்ள வாளியில், நீரில் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். நாலைந்து நாளுக்கொருமுறை பாதி நீரை மட்டும் மாற்றுங்கள். முழுதும் மாற்றினால் தசையைத் தின்னும் பற்றீரியாவும் போய்விடும். எங்கள் வெக்கைக்கு மூன்று, நான்கு கிழமை போதும். சின்ன என்புகள் போய்விடாமல், நீரை எப்போதும் 1 மி.மீ. கண்ணுள்ள அரிதட்டு வழியாக ஊற்றுங்கள்.

கொதிக்க வைக்காதீர்கள், கொழுப்பு என்புக்குள் இறங்கி மஞ்சளாகும், மெல்லியவை வெடிக்கும். குளோரீன் கலந்த வெளுப்பானும் வேண்டாம். கழுவிய பிறகும் அது என்பை அரித்துக்கொண்டிருக்கும். சவர்க்கார நீரில் இரண்டு கிழமை ஊறவைத்தால் கொழுப்புக் குறையும், குறையாவிட்டால் எறும்பு வரும். பிறகு 3% ஐதரசன் பெரொட்சைட்டில் ஒரு நாள், நிழலில் உலர்த்தல், ஒவ்வொரு என்பிலும் கறுப்பு மையால் இலக்கம்.

முட்டையிடும் பேடானால் ஒரு தொடையென்பைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உட்குழிக்குள் பொருக்குப்போல ஓர் இழையம் இருக்கும். முட்டையோட்டுக்கான கல்சியச் சேமிப்பு அது. இதையொத்த இழையத்தை ரைரனோசோரஸ் ரெக்ஸ் என்ற டைனோசரின் தொடையென்பில் கண்டதாக 2005இல் மேரி ஷ்வைற்சரின் குழு அறிவித்தது.

கோழிக்குப் பின் தாரா, வளர்ப்புப் புறா, காடை, வான்கோழி. காட்டுப் பறவை செத்துக் கிடந்தாலும் வனசீவராசிகள் திணைக்கள அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள். புறாத்தீவு தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுக்க வேண்டாம்.

படிப்பில் என் தெரிவு: விலங்கியல் முதன்மை, புவிச்சரிதவியல் துணை. பேராதனை விஞ்ஞான பீடத்தில் இரண்டு துறைகளும் உண்டு. கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான்; அதற்கு ஆங்கிலத்தோடு புள்ளிவிபரவியலும் வேண்டும்.

வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. பறவைச் சுவடுகளுக்கென்றே உள்ள பதவிகள் உலகம் முழுவதிலும் சொற்பம். அமெரிக்காவில் முள்ளந்தண்டுளிச் சுவடுகளை ஆராய்பவர்கள் பலர் மருத்துவ பீடங்களில் மனித உடற்கூற்றியல் கற்பித்துச் சம்பளம் பெறுகிறார்கள். இங்கே அகழ்வாய்வுகளில் வரும் விலங்கு என்புகளை இனம்பிரிக்க ஆள் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் நிறுவகம் அந்தப் பக்கத்துக்கு ஒரு வாசல்.

அந்த வாளியைக் குசினிக்கும் கிணற்றடிக்கும் எட்ட, காற்று வீட்டுக்குள் அடிக்காத பக்கமாக வையுங்கள். மூடியின்மேல் ஒரு பாரமும் வேண்டும், பூனை விடாது.