வரப்பு வகுப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் பி.எஸ்ஸி. (வேளாண்மை) முடித்துவிட்டேன். ஜெர்மனியில் நீடித்த வேளாண்மை முதுகலை படிக்க ஆசை. அப்பாவோ, "இங்கேயே உழவியல் எடும்மா, வேலைக்கு அதுதான் ஆகும்" என்கிறார். நீங்கள் அங்கே படித்தவர் என்பதால் கேட்கிறேன், அக்கா.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மணப்பாறை

பதில்: முதலில் அப்பா பக்கம் பேசிவிடுகிறேன், தங்கச்சி. கல்லூரி ஆசிரியர், ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) விஞ்ஞானி என்று கனவிருந்தால் அவர் சொல்வதே சரி. அங்கெல்லாம் உழவியலா, மண்ணியலா, பூச்சியியலா என்று துறை பார்த்துத்தான் எடுப்பார்கள். என் பட்டம் எந்தத் துறையில் சேரும் என்று இரண்டு நேர்காணல்களில் விளக்கினேன். இரண்டிலும் டீ மட்டும் கிடைத்தது. விவசாயிகள் குழு, இயற்கை வேளாண்மைச் சான்று, தொண்டு நிறுவனத் திட்டங்கள் என்று களத்தில் இறங்குவதானால் தாராளமாகப் போங்கள்.

நான் படித்தது கோட்டிங்கன், காசல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் நீடித்த சர்வதேச வேளாண்மை. நான்கு பருவம், 120 கிரெடிட். பாதி நாள் விட்சன்ஹவுசன் வளாகத்தில். வெர்ரா ஆற்றங்கரையில், செர்ரிக்குப் பேர்போன சிற்றூர். இயற்கை வேளாண்மைக்கென்று 1981-லேயே தனிப் பேராசிரியர் பதவி உண்டாக்கிய இடம். அங்கே ஒரு வெப்பமண்டலக் கண்ணாடிக் குடில் உண்டு; வெளியே ஜனவரிப் பனி, உள்ளே வாழையும் காப்பியும். ஊர் நினைப்பு வந்தால் வாழையடியில் போய் நிற்பேன். மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கிவிடும். நல்லதாகப் போயிற்று, நான் அழுதது யாருக்கும் தெரியாது.

கற்றது என்ன? எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். சம்பாவுக்கு முன் அப்பா தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, நாற்பத்தைந்து நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவார். ஜெர்மனியில் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் புல்லும் கலந்து விதைத்து, மாட்டுக்கு அறுத்துப் போட்டு, ஓரிரு வருஷம் கழித்து அதே மண்ணில் கோதுமை போடுகிறார்கள். வேர்முடிச்சு பிடித்துவைக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) அடுத்த பயிருக்குக் கொடுக்கும் வேலைதான் இரண்டும். "அப்பா செய்வதைப் படிக்கவா இவ்வளவு தூரம்?" என்று முதல் பருவத்தில் எனக்கே ஆற்றாமை வந்தது. ஆனால் அப்பாவிடம் கணக்கு இல்லை. விடுமுறையில் ஊருக்கு வந்து ஒரு சதுர மீட்டர் சட்டம் போட்டு அறுத்து எடை பார்த்தேன்: இரண்டரைக் கிலோ. ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். அப்படியானால் பத்து டன் பச்சைத்தழை. அதைக் காயவைத்து, சத்து பார்த்த பிறகுதான் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்று அவரோடு பேச முடிந்தது. அதுவரை "தழை போட்டால் நல்லது" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

மண்வெட்டிச் சோதனையும் அப்படித்தான். ஒரு கட்டி மண்ணை அப்படியே பெயர்த்தெடுத்து, உடைத்து, வேர் எங்கே மடங்குகிறது, மண்புழு உண்டா, என்ன வாசம் என்று பார்ப்பது. காசில்லாத சோதனை. திரும்பி வந்தபின் நான் அதிகம் செய்வது இதைத்தான்.

பணம்: கோட்டிங்கனும் காசலும் இருக்கும் மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டும். ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. அது மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பும். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஏஜென்ட் வேண்டாம். ஒருவரிடம் அறுபதாயிரம் கொடுத்தேன். அவர் நிரப்பிய படிவத்தில் என் பிறந்த தேதியே தப்பு.

கேள்வி: நான் பி.எஸ்ஸி. தாவரவியல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. உழவியல் சேரலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியாது தம்பி, நான்காண்டு வேளாண் பட்டம் வேண்டும். தாவரவியல் முதுகலையிலேயே வேர்முடிச்சு பாக்டீரியாவை ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். வயலுக்கு அந்த வழியாகவும் வரலாம்.

கேள்வி: ஜெர்மன் தெரியாமல் சமாளிக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வகுப்பில் சமாளிக்கலாம், பாடம் ஆங்கிலத்தில்தான். பண்ணையில் முடியாது. அவர்கள் மொழியில் 'மிஸ்ட்' என்றால் எரு. பயிற்சிக்குப் போன முதல் வாரம், பண்ணைக்காரர் "மிஸ்ட்! மிஸ்ட்!" என்று கத்தினார். நான் எரு அள்ளும் முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டிராக்டர் டயர் பஞ்சர். எரிச்சலில் திட்டவும் அங்கே அதே சொல்தானாம்.