சூடோநாட் புதிர்ல சந்தேகமா, கேளுங்க

கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன், தோப்பு வேல முடிஞ்சா ராத்திரிக்கு ஈட்டர்னா விளையாட்டுதான் நமக்கு, ஆர்என்ஏ எழுத்துங்கள கோத்து கேட்ட வடிவத்துல மடங்க வெக்கற கம்ப்யூட்டர் புதிர் அது. வந்த கேள்விக்கெல்லாம் தெரிஞ்சத சொல்றேன்.

மீனாட்சிபுரம் தம்பி: அண்ணா, சூடோநாட்னா முடிச்சுங்களா?

நெச முடிச்சு இல்ல தம்பி. ஆர்என்ஏங்கறது ஏ, யு, ஜி, சினு நாலு எழுத்துல கோத்த இழை, ஏ யுவோடயும் ஜி சியோடயும் ஜோடி சேரும். அது தன்மேலயே மடங்கி ஒரு தண்டு, தலையில ஒரு வளையம்னு நிக்கும்ல, அந்த வளையத்து எழுத்துங்க வெளிய தொங்கற வாலோட போய் ஜோடி சேந்து ரெண்டாவது தண்டு ஆனா அதான் சூடோநாட். மாட்டுக்கயித்துல உருவாஞ்சுருக்கு போடுவோமே, பாக்க முடிச்சு, இழுத்தா உருவிட்டு வந்துரும், அப்படி. 1982ல டர்னிப் எல்லோ மொசைக் வைரஸ்ல கண்டாங்க, கொரோனா வைரஸ்லயும் இருக்கு.

வேலந்தாவளம் அக்கா: ரெண்டு தண்டுலயும் ஜிசியா போட்டேன், கண்டபடி மடங்குதே?

நானும் இதே கூத்து அடிச்சவன்தான்க்கா. ஜி-சிக்கு மூணு ஹைட்ரஜன் பிணைப்பு, ஏ-யுக்கு ரெண்டு, அதனால ஜிசி கொட்டுனா கெட்டியா நிக்கும்னு தோணும், ஆனா ஜிசிஜிசினு எழுதுனீங்கன்னா அதுக்கு ஜோடியும் அதே ஜிசிஜிசிதான், நாலு எடத்துல அது கெடந்தா யாரு யாரோட சேர்றதுன்னு கணக்கே இல்லாம போயிரும், எல போடறதுக்கு முன்னாடியே பந்தியில உக்காந்த மாதிரி. மொத தண்டுக்கு ஜிஜிஏயுஜி, எதுக்க சிஏயுசிசி. ரெண்டாவதுக்கு ஜிஏஜிஏசி, எதுக்க ஜியுசியுசி. ஒண்ணோட ஒண்ணு அவ்வளவா ஒட்டாது பாருங்க. மிச்ச எடம் பூரா ஏ.

சித்தூர்ல இருந்து ஒரு பொண்ணு: சேட்டா, நடுவுல எத்தன எழுத்து விடணும்?

ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெக்காதம்மா, எல்லாரும் தோக்கறது இங்கதான். தண்டு முறுக்கிக்கிட்டு நிக்கறதால அதுல ஆழமா ஒண்ணு, ஆழமில்லாம ஒண்ணுன்னு ரெண்டு பள்ளம் ஓடும். மொத வளையம் ரெண்டாவது தண்டோட ஆழமான பள்ளத்த தாண்டுது, அங்க தூரம் கம்மி, ஒண்ணு ரெண்டு எழுத்தே போதும். இன்னொரு வளையம் மொத தண்டோட ஆழமில்லாத பள்ளத்து வழியா வருது, அதுக்கு அஞ்சாறு ஏ தாராளமா விடு.

அதே தம்பி: வியன்னா இன்ஜின்ல ரெண்டாவது தண்டே காட்டலியேண்ணா?

காட்டாது, வியன்னாங்கறது மடிப்ப கணிச்சு சொல்ற ப்ரோக்ராம், ஒரு தண்டுக்கு குறுக்க போற ஜோடிய அது எண்ணவே எண்ணாது. எல்லா விதக் குறுக்கையும் சேத்து கணக்கு போடறது பயங்கர கஷ்டம்னு 2000லயே நிரூபிச்சுட்டாங்க. சூடோநாட் தெரிஞ்ச இன்ஜினுக்கு மாத்திக்கோ, அதுவும் கணிப்புதான். நம்ம டிசைன ஸ்டான்ஃபோர்டு லேப்ல நெசமாவே செஞ்சு ரசாயனம் போட்டு பாப்பாங்க, ஜோடி சேராத எழுத்து மஞ்சளா வரும், சேந்தது நீலம். என்னோட மொத டிசைன்ல ரெண்டாவது தண்டு பூரா பூசணிப்பூ மாதிரி மஞ்சளா பூத்துக் கெடந்துச்சு.