அண்டார்டிக் கடற்பனியில் கப்பல் செலுத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: பனியுடைப்புக் கப்பல் கூரிய முனையால் பனியை வெட்டிக்கொண்டுதான் செல்கிறதா?

பதில்: இல்லை. முன்பகுதி சாய்வாகவும் உருண்டும் இருப்பதால், கப்பல் பனியின்மேல் சற்றே ஏறி, தன் எடையால் அதைக் கீழ்நோக்கி வளைத்து முறிக்கிறது. அழுத்தினால் நன்கு தாங்கும் பனி, வளைத்தால் எளிதில் முறிந்துவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் போலார் ஸ்டார், 6 அடிப் பனியை 3 நாட் (மணிக்குச் சுமார் 5.5 கி.மீ.) வேகத்தில் நிற்காமல் உடைத்துச் செல்லும். பின்வாங்கிப் பின்வாங்கி மோதினால் 21 அடி வரை உடைக்கும்.

கேள்வி: மோதும்போது கப்பலுக்குச் சேதம் வராதா?

பதில்: மோதுவதைவிடப் பின்வாங்குவதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அப்போது சுக்கான் சரியாக நடுநிலையில் இருந்தாக வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் பின்னால் கிடக்கும் பனிப்பாளம் அதை ஒரு பக்கமாகத் தள்ளி முறுக்கிவிடும்.

கேள்வி: வழியை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில்: உடைக்காமலே போகக்கூடிய வழி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். விரிசல்களின் ஊடே சுற்றிச் செல்வது, நேரே உடைத்துச் செல்வதைவிடப் பெரும்பாலும் விரைவானது, எரிபொருளும் மிச்சம். செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் மேகத்தையும் இருளையும் ஊடுருவிக் காட்டினாலும், அவை நம் கைக்கு வருவதற்குள் பனி நகர்ந்திருக்கும். ஆகவே வானத்தையும் படிக்கிறோம்: தொலைவில் மேகத்தின் அடிப்பகுதி கருமையாகத் தெரிந்தால் அதன்கீழ் திறந்த நீர் இருக்கிறது, வெண்மையாக ஒளிர்ந்தால் பனி இருக்கிறது. பல கோடைகளைக் கடந்த பழைய பனியில் உப்புநீர் வடிந்துபோயிருப்பதால் அது மிகக் கடினமாக இருக்கும். அதை விலக்கியே செல்ல வேண்டும்.

கேள்வி: இவ்வளவு வலிமை இருந்தும் கப்பல்கள் சிக்கிக்கொள்வது ஏன்?

பதில்: காற்றினால்தான். காற்று பனியைக் கரையை நோக்கி நெருக்கும்போது, உடைத்த வழி கப்பலுக்குப் பின்னாலேயே மூடிக்கொள்கிறது. மேலே படிந்த வெண்பனியும் உராய்வைக் கூட்டிக் கப்பலைப் பிடித்து நிறுத்துகிறது. 2013 டிசம்பர் 24 அன்று காமன்வெல்த் விரிகுடா அருகே ரஷ்யக் கப்பலான அகாடெமிக் ஷோகால்ஸ்கி இப்படித்தான் சிக்கியது. உதவிக்கு வந்த சீனப் பனியுடைப்புக் கப்பல் ஷுவே லோங்கால் அதை நெருங்க இயலவில்லை. சீனக் கப்பலின் ஹெலிகாப்டர் 2014 ஜனவரி 2 அன்று 52 பேரை மீட்டது, பிறகு அக்கப்பலும் சிக்கியது. உதவிக்கு அழைக்கப்பட்ட போலார் ஸ்டார் வந்து சேர்வதற்கு முன்பே, காற்றின் திசை மாறியதும் பனி தளர்ந்து, இரண்டும் தாமாகவே வெளியேறின. எனவே எஞ்சினின் ஆற்றலை நம்பிக் காற்றின் போக்கைக் கவனியாமல் விரிகுடாக்களுக்குள் நுழையவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இரவிலும் ஓட்டுவீர்களா?

பதில்: நடுக்கோடையில் அங்கே இரவே இல்லை. பிப்ரவரியில் இருள் திரும்பியதும், தேடொளி விளக்குகளுடன் வேகத்தைக் குறைத்தே செல்ல வேண்டும். நீர்மட்டத்தோடு மிதக்கும் சிறு பனிப்பாறைத் துண்டுகள் அலைகளுக்கிடையே ரேடாரில் தெரியாமல் போய்விடும்.