சுவிஸ் மலையில் தாத்தாவோடு வாழும் சிறுமி ஹைடியின் கதையை எந்தத் திரை வடிவத்தில் முதலில் பார்க்கலாம்?

தயங்காமல் சொல்வேன், 1974-ல் ஜப்பானில் வந்த அனிமே (கார்ட்டூன்) தொடர்தான். மொத்தம் 52 பகுதிகள். இசாவோ தகஹாதா இயக்கினார், காட்சியமைப்பைக் கவனித்தவர் ஹயாவோ மியாசாகி. வரைவதற்கு முன்பே ஒரு குழு சுவிட்சர்லாந்துக்குப் போய் மலையையும் குடிசைகளையும் நேரில் பார்த்துவிட்டு வந்தது, அதனால்தான் தாத்தா சீஸை நெருப்பில் உருக்கி ரொட்டியில் தடவுவது மாதிரியான சின்னக் காட்சிகூட அவ்வளவு உயிரோட்டமாக இருக்கும். ஜோசப் என்ற பெரிய நாய் மட்டும் புத்தகத்தில் கிடையாது, அவர்கள் சேர்த்தது.

யோஹன்னா ஸ்பைரி 1880-81-ல் எழுதிய மூலக்கதையின் உயிர் எனக்கு ஃபிராங்க்ஃபர்ட் பகுதியில்தான் இருக்கிறது. மலையிலிருந்து அந்த ஜெர்மன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ஊர் ஏக்கத்தில் வாடும் ஹைடி, வாய்விட்டு அழக்கூட முடியாமல், தூக்கத்தில் எழுந்துபோய் ராத்திரி வாசல் கதவைத் திறக்கிறாள், வீட்டில் எல்லோரும் பேய் என்று பயப்படுகிறார்கள். மலையில் இருக்கும், நண்பன் பீட்டரின் பார்வையற்ற பாட்டிக்காக மெத்தென்ற வெள்ளை ரொட்டிகளை அலமாரியில் சேர்த்து வைக்கிறாளே, அதைப் படித்து நான் அழுதிருக்கிறேன்.

1937-ல் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் நடித்த ஹாலிவுட் படம் கடைசியில் துரத்தல் காட்சியாகிவிடுகிறது, அவருக்காகப் பார்க்கலாம். நேரம் குறைவு என்றால் புரூனோ கான்ஸ் தாத்தாவாக வரும் 2015 படம், அப்புறம் புத்தகத்தையும் படித்துவிடுங்கள்.