300 மிமீ லென்ஸ் எத்தனை மடங்கு?

70-300 மிமீ ஜூம் லென்ஸில் எடுத்த படத்தில் நிலா சின்னதாகத் தெரிகிறது, லென்ஸில் கோளாறா, நண்பரின் தொலைநோக்கி மாதிரி இது எத்தனை மடங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் லென்ஸைத் தொலைநோக்கி மாதிரி 'இத்தனை மடங்கு' என்று சொல்ல முடியாதுங்க. கடைக்காரர் சொன்ன 4 எக்ஸ் என்பது 300-ஐ 70-ஆல் வகுத்த கணக்கு, அவ்வளவுதான். நண்பரின் 700 மிமீ தொலைநோக்கியில் 10 மிமீ கண்வில்லை (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) போட்டால், 700-ஐ 10-ஆல் வகுத்து, 70 மடங்கு. அது கண்ணுக்குத் தெரியும் பெருக்கம்.

கேமரா லென்ஸோ பிம்பத்தைச் சென்சாரில், அதாவது படத்தைப் பதியும் சில்லில், விழவைக்கிறது. குவியத் தூரத்தை (லென்ஸுக்குச் சொல்லும் மிமீ எண்) 110-ஆல் வகுத்தால் நிலாவின் பிம்ப அளவு ஏறக்குறைய வந்துவிடும். 300 மிமீ-க்கு 2.7 மிமீ. உங்கள் கேமராவில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் உயரமே சுமார் 15 மிமீ. அப்புறம் நிலா பொட்டு மாதிரிதானே தெரியும்? லென்ஸில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை.

வியூஃபைண்டரில் (கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை) எத்தனை மடங்கு தெரிகிறது என்று நீங்களே அளக்கலாம். ஊர் பல்லடம் என்கிறீர்கள், காற்றாலைக்குப் பஞ்சமில்லை. ஒன்றை வியூஃபைண்டரில் ஒரு கண்ணாலும், வெறுமனே மறு கண்ணாலும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தெரியும்வரை ஜூமைத் திருப்புங்கள். 70 மிமீ-க்குக் கீழே போக, கேமராவோடு வந்த கிட் லென்ஸும் தேவைப்படலாம். 60 மிமீ-யில் பொருந்தினால், 300 மிமீ-யில் வியூஃபைண்டர் காட்டுவது 5 மடங்கு. படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது திரையின் அளவையும் நீங்கள் பார்க்கும் தூரத்தையும் பொறுத்தது.

கண்வில்லையைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டினால் அது வெறும் 700 மிமீ லென்ஸ். நிலா 6.4 மிமீ வரும். ஆனால் நியூட்டன் வகையாக (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) இருந்தால் சிலவற்றில் ஃபோகஸ் எட்டாது. கேமராவை மாட்டும் அடாப்டர் வாங்கும் முன் நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.