டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகள் ஓடிய பிஎம்டபிள்யூ 330i கார் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நிலையில் இருக்கிறேன். ஓட்டிப் பார்த்தபோது விற்பவர் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, "டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் செய்தால்தான் இந்த வண்டியின் நிஜ வேகம் தெரியும்" என்றார். மாதம் ஒருமுறை வால்பாறை போய்வருபவன் நான். அணைத்தால் கார் உண்மையிலேயே வேகமாகப் போகுமா? பாதுகாப்புக்காக வைத்ததை அணைக்க நிறுவனமே ஏன் பட்டன் கொடுக்கிறது?

பதில்: போகாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்பது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் அடக்கும் கருவி. காய்ந்த தார்ச்சாலையில், ஆக்சிலரேட்டரை அளந்து மிதிக்கப் பழகிய கால் இருந்தால் சிறு வித்தியாசம் கிடைக்கலாம். நனைந்த சாலையில் பெரும்பாலும் நேரம் கூடத்தான் செய்யும். காரின் வேகத்தைவிடச் சக்கரம் சுமார் 10 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாகச் சுழலும்போது டயரின் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் சுழன்றால் முன்னே தள்ளும் பிடிப்பும் குறையும், காரைப் பக்கவாட்டில் நழுவாமல் நிறுத்தும் பிடிப்பும் போய்விடும். டயர் அலறும் சத்தத்தை வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்புக்காக வைத்த சென்சார் ஒன்று சுழற்சியை எண்ணிக்கொண்டே இருக்கிறது. முன்சக்கரங்கள் 20 கி.மீ. வேகத்தில் உருள, பின்சக்கரங்கள் 35 கி.மீ. வேகத்துக்குச் சுழல்வதாகக் கணக்கு வந்தால், நீங்கள் எவ்வளவு மிதித்திருந்தாலும் எஞ்சினின் விசையைக் கருவி குறைத்துவிடும். தேவைப்பட்டால் வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும்.

நீங்கள் பார்த்திருக்கும் காருக்கு இது மிகவும் தேவை. 258 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முழுக்கப் பின்சக்கரங்களுக்கே போகின்றன. டர்போ எஞ்சின் என்பதால் அந்த விசை குறைந்த சுழற்சியிலேயே வந்து சேர்ந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை, தென்மேற்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் ஒரு மாலையில் நினைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்திருக்கிறீர்கள், நனைந்த சருகு பாதிச் சாலை வரை படிந்திருக்கிறது, ஏற்றத்துக்காகச் சற்றே கூடுதலாக மிதிக்கிறீர்கள். கருவி இயங்கினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று முறை சிமிட்டும், எஞ்சின் ஒரு கணம் தளரும், கார் திரும்பிவிடும். அணைத்து வைத்திருந்தால் காரின் பின்பக்கம் வெளிப்புறமாக வீசும். மிதியைப் பதறாமல் தளர்த்தி, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்ய ஒரு நொடிகூடக் கிடைக்காத அந்த இடத்தில், எதிரே பேருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வழுக்காத காரை ஓட்டிய அனுபவம், வழுக்கும் காரைப் பிடிக்க உதவுவதில்லை.

விற்பவர் எதை அணைத்தார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காரில் அந்தப் பட்டனைச் சட்டென்று ஒருமுறை அழுத்தினால் சக்கரம் சற்றுக் கூடுதலாகச் சுழல இடம் கொடுக்கும் நிலைக்குத்தான் போகும். கார் தடம் மாறாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் தளர்த்தப்பட்டாலும் விழித்திருக்கும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அதுவும் அணைந்துவிடும். பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து மெர்சிடிஸ் பென்ஸ் 1995-இல் தன் காரில் கொண்டுவந்த இந்த ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், ஸ்டீயரிங் திரும்பிய கோணத்தையும் கார் உண்மையில் திரும்பும் விதத்தையும் ஒப்பிட்டு, தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக் காரை நேர்ப்படுத்துகிறது. ஏபிஎஸ் இரண்டு நிலையிலும் வேலை செய்யும். ஒரே பட்டனில் இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால், எந்தக் காரை வாங்கினாலும் அதன் கையேட்டில் இந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பட்டன் ஏன் இருக்கிறது என்றால், மணலிலும் சேற்றிலும் பந்தயத் தடத்திலும் அதற்கு நியாயமான தேவை உண்டு. தடத்தில் கருவி ஓயாமல் பிரேக் பிடித்தால் பிரேக்குகள் சூடேறிவிடும். சறுக்கினாலும் ஓடி நிற்க அங்கே திறந்தவெளி இருக்கிறது. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைக் கட்டாயமாக்கிய விதி, அணைக்கும் பட்டனை அனுமதித்தாலும், ஒவ்வொரு முறை காரை இயக்கும்போதும் அது தானாக உயிர்பெற்றாக வேண்டும் என்று சொல்கிறது.

உங்களுக்கு ஆசை இருந்தால் அதில் தவறில்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். போவதற்கு முன் இன்சூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பகுதியைப் பாருங்கள். நம் நாட்டின் வழக்கமான கார் பாலிசிகள், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காரைப் பயன்படுத்துவதை விலக்கி வைத்திருக்கின்றன.

வேகத்துக்குச் செலவிட வைத்திருக்கும் பணத்தை டயரில் போடுங்கள். இல்லாத பிடிப்பை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2320 என்றால் 2020-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். கார் வந்தபோது மாட்டிய டயர்களே இன்னும் இருந்தால், நான்கு புது டயர்களின் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமான பேரம்.

கேள்வி: பழைய கார் வாங்கும்போது இந்தக் கருவி சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு காரில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "பட்டன் ஆஃபில் இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார்கள்.

பதில்: எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி இயக்கச் சொல்லுங்கள். இக்னிஷன் போட்டதும் அந்த விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால், பெரும்பாலான கார்களில் அது பட்டனால் வந்தது அல்ல, பழுதுதான். சக்கர சென்சாரோ அதன் ஒயரோ கெட்டிருக்கலாம், முன்னும் பின்னும் பொருந்தாத அளவில் டயர் மாட்டியிருக்கலாம். விளக்கு தொடக்கத்தில் எரியவே இல்லை என்றால் இன்னும் கவனமாக இருங்கள், பழுதை மறைக்க யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கக்கூடும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: தோட்டத்துச் செம்மண் பாதையில் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. மிதித்தால் எஞ்சின் அடங்கிவிடுகிறதே தவிர நகரவில்லை.

பதில்: டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்க வேண்டிய இடம் இதுதான். சக்கரம் சுழன்று சேற்றை வாரி எறிந்தால்தான் அடியிலிருக்கும் கெட்டித் தரை கிடைக்கும். கருவியோ சுழற்சியைக் கண்டதும் விசையை அடக்கிவிடுகிறது. ஸ்டீயரிங்கை நேராக்கி, அணைத்துவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி எடுங்கள். அளவுக்கு மீறி மிதித்தால் சக்கரம் குழி பறித்துக்கொண்டு இறங்கிவிடும். கார் மேலேறியதும், தார்ச்சாலையைத் தொடும் முன்பே, பட்டனை மறுபடி அழுத்திவிடுங்கள்.