கிராமியக் கலைஞர் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு வேலை செய்ய அரசு அலுவலகங்கள் ஒத்துழைக்குமா?

நடக்கும். எங்கோ மனுக் கொடுத்து, 'பார்க்கலாம்' என்ற பதிலோடு திரும்பி வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று படுகிறது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மேடை கேட்டால் ஒருநாள் கூத்தோடு முடிந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு (BRC) போய், பிசியோதெரபிக்குப் பிள்ளைகள் வரும் நாளிலேயே ஒரு மணி நேரம் கேளுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வரும் அம்மாவை, கலைக்காக இன்னொரு நாளும் வாங்க என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

நான் ஈரோடு மாவட்டம் கோபி பக்கம், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி கற்றுக்கொடுப்பவள். இப்படித்தான் உள்ளே போனேன். ஓர் அம்மா, "எம் பையன் நிக்கவே மாட்டானுங்க, அவன் எங்கீங்க கும்மி அடிக்கறது?" என்றார். கும்மிக்கு நிற்கணும் என்று யார் சொன்னது? நடக்கிற பிள்ளைகளையும் சேர்த்து எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தேன். காலில் இருந்த அடவைத் தோளுக்கும் கைக்கும் கொண்டுவந்தேன். காது கேளாத பிள்ளைகள் எதிரே இருப்பவர் கையைப் பார்த்தே தாளம் பிடித்தார்கள். சிமென்ட் தரையில் மேளத்தின் அதிர்வு தெரியவில்லை. மர பெஞ்சின் ஒரு முனையில் மேளத்தை வைத்து, மறுமுனையில் அவர்கள் கையை வைக்கச் சொன்னோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் இல்லாமல் மட்டும் தொடங்கவே மாட்டேன். யாருக்கு வலிப்பு வரும், சத்தம் கூடினால் யார் கலங்கிப்போவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

'கும்மி அடித்தால் குணமாகுமா' என்று சிலர் கேட்க வருவார்கள். அப்படி நான் சொல்லவே இல்லை. பிசியோ வேலையைப் பிசியோதான் செய்யணும். மற்ற பிள்ளைகள் ஆடும்போது யாரும் பலன் கேட்பதில்லையே, இவர்களிடம் மட்டும் ஏன்? இது சலுகையும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 29, இவர்களும் சேரும்படி கலைப் படிப்புகளை மாற்றியமைக்கச் சொல்கிறது. அரசோடு உள்ளாட்சிக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. மனுவில் அந்தப் பிரிவை எழுதுங்கள். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மிக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் கோவை பத்ரப்பன் ஐயா. 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த வாசல் திறந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் ஆடுகிறோம். அடுத்து இந்தப் பிள்ளைகள் வரட்டும்.

அப்புறம் ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு மேளம் அடிக்கும் அண்ணன் பல நாள் பஸ் காசோடுதான் போகிறார். மாரியம்மன் நோம்பிக்குக் கேரளாவிலிருந்து வேன் வைத்துச் செண்டை கூட்டி வருகிறார்கள். செண்டை அருமையான கலை, அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் நம்மூர் ஜமாப் மேளம் அடிக்கிறவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டாலும் அவரிடம்தான் பேரம் பேசுகிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அதனால் உங்கள் மனுவில் மேளக்காரர் கூலியைத் தனி வரியாக எழுதிக் கேளுங்கள்.